உருளைக்கிழங்கு வயலில் முளைத்த புறநகர்

கிழக்கு லண்டனில் மேனர் பார்க் என்ற இடத்தில் சர்ச் ரோடு என்றொரு தெரு இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான பழைய தேவாலயம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதே தெருவில் முருகன் கோயிலும் இருக்கிறது. செங்கல் வீடுகளின் கூரைகளுக்கு மேலே கோபுரம் தெரியும். அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட் நார்த்தைப் பிடித்துத் தெற்கே ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையம் வரை நடந்தால் வழியெல்லாம் நகைக் கடையும் புடவைக் கடையும் தோசைக் கடையும்தான். மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் அடுக்கியிருக்கும். முதன்முறை போகும் தமிழர்கள் பெரும்பாலும் பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன். திரும்பி வரும்போதுதான் கடைகளுக்குப் பின்னால் பிரியும் தெருக்கள் கண்ணில் பட்டன. ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே மாதிரிச் சன்னல் கொண்ட வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் போகின்றன. இத்தனை வீடுகளை ஒரே அச்சில் வார்த்தது யார், யாருக்காக?

அதற்கு விடை தேடப் போனால் இங்கிலாந்தில் 'சபர்ப்' என்று சொல்லப்படும் புறநகர் எப்படி உருவாகிறது என்பது ஏறக்குறைய முழுவதும் விளங்கிவிடும். ஈஸ்ட் ஹாம் அதற்கு நல்ல மாதிரி. கொஞ்சம் அவசரமாக வளர்ந்த மாதிரி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நகரத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் நமக்குப் புறநகர்தான்: தொழிற்பேட்டை, குப்பைமேடு, புதிய குடியிருப்பு எல்லாம் சேர்த்தி. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. லண்டனின் கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு நல்ல பெயர் கிடையாது. தோல் பதனிடுகிறவர்கள், விலைமாதர்கள், நாடகக் கொட்டகைகள் என்று நகரம் உள்ளே வைத்துக்கொள்ள விரும்பாததெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் சதர்க் பக்கம் தள்ளப்பட்டன. பிறகு சொல்லின் பொருள் தலைகீழானது. 18ஆம் நூற்றாண்டில் பணக்கார வணிகர்கள் நகரத்தின் புகையையும் நெரிசலையும் விட்டு வெளியே வீடு கட்டிக்கொண்டு குதிரை வண்டியில் வேலைக்குப் போய்வரத் தொடங்கினார்கள். அதிலிருந்து புறநகர் என்றால், இரவில் தூங்கும் இடம் ஒன்று, பகலில் பிழைக்கும் இடம் வேறொன்று என்று வாழ்கிறவர்களின் ஊர் என்றாயிற்று. கிராமத்தானுக்கு வயல் வாசலிலேயே இருக்கிறது. நகரத்துக்காரனுக்குப் பட்டறை அடுத்த தெருவில். புறநகர்க்காரனோ தினமும் காலையில் ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். ஆகவே அவன் எங்கே வாழலாம் என்பதைத் தீர்மானிப்பது போக்குவரத்துச் செலவு. குதிரை வண்டி வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் சிலரே என்பதால் முதல் புறநகர்களும் சிறியவையாகவே இருந்தன. மற்றவர்கள் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்து ஈஸ்ட் ஹாம் வேறு உலகம். லண்டனுக்குக் கிழக்கே லீ ஆறு ஓடுகிறது. அதைத் தாண்டினால் எஸ்ஸெக்ஸ் மாவட்டம். 'ஹாம்' என்பது நீரும் சதுப்பும் சூழ்ந்த புல்வெளியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்; 958ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றிலேயே இந்தப் பெயர் வருகிறது. தெற்கே தேம்ஸ் நதியை ஒட்டிச் சதுப்பு நிலம், வடக்கே மேட்டு நிலம், நடுவே சிதறிக் கிடந்த சில குக்கிராமங்கள். 12ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித மேரி மகதலேனா தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. லண்டன் சந்தைக்குக் காய்கறி விளைவிப்பதுதான் இங்கே பெரிய தொழில். உருளைக்கிழங்குக்குப் பேர்போன மண். பணக்காரர்கள் சிலர் மாளிகை கட்டியிருந்தார்கள். சிறைச் சீர்திருத்தத்துக்குப் பெயர்பெற்ற எலிசபெத் ஃப்ரை 1809 முதல் 1829 வரை இங்கே பிளாஷெட் மாளிகையில்தான் குடியிருந்தார்.

1858இல் ரயில் வந்தது. லண்டன், டில்பரி, சவுத்எண்ட் ஊர்களை இணைக்கும் தடத்தில் ஈஸ்ட் ஹாமுக்கு ஒரு நிலையம் கிடைத்தது. ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது என்று புறநகர் வரலாறுகள் வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லிவிடும். இங்கே அப்படி நடக்கவில்லை. நிலையம் திறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், 1881இல் ஈஸ்ட் ஹாமின் மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. அடுத்த பத்தாண்டில் அது 33,000 ஆகிறது. 1901இல் 96,000. 1911இல் 1,33,000. தண்டவாளம் போட்டதும் வராத கூட்டம் இருபது, முப்பது ஆண்டு கழித்து ஏன் வந்து கொட்டியது? இடைப்பட்ட காலத்தில் மூன்று காரியங்கள் நடந்திருந்தன.

முதலாவது சாக்கடை. பேசக் கூச்சமான விஷயம்தான், ஆனால் புறநகருக்கு அதுதான் அஸ்திவாரம். ஈஸ்ட் ஹாமில் நிலையம் திறந்த அதே 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மூக்கைப் பொத்திக்கொண்டது. அதன் பிறகு ஜோசப் பாஸல்ஜெட் என்ற பொறியாளர் லண்டன் முழுவதற்கும் கழிவுநீர்க் குழாய்களை அமைத்தார். வடக்கு லண்டனின் கழிவை ஆற்றின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோகும் பெருங்குழாய் ஈஸ்ட் ஹாம் வழியாகவே போகிறது. ஒரு கரை எழுப்பி அதற்குள் குழாயைப் புதைத்தார்கள். இன்று அந்தக் கரையின் மேல் மக்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். காலடியில் என்ன ஓடுகிறது என்பதை நினைக்காமல் இருந்தால் இனிமையான நடைபாதை. லண்டனின் கழிவு ஊரைக் கடந்துபோனதே ஒழிய, ஈஸ்ட் ஹாம்காரர்களின் சொந்த வடிகாலுக்குத் தனியே உள்ளூர் நிர்வாகம் அமைந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வேலை. லண்டனுக்குள் நாற்றம் பிடித்த தொழில்களை 1844ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் கட்டுப்படுத்தியது. லீ ஆற்றைத் தாண்டிவிட்டால் அந்தச் சட்டம் செல்லாது. ஆலைகள் ஆற்றைத் தாண்டி முதலில் பக்கத்து ஊரான வெஸ்ட் ஹாமில் குவிந்தன. தேம்ஸ் கரையில் 1855இல் விக்டோரியா கப்பல்துறை, 1880இல் ராயல் ஆல்பர்ட் கப்பல்துறை. இடைப்பட்ட காலத்தில், 1870இல், ஈஸ்ட் ஹாமின் தெற்குச் சதுப்பில் ஒரு பிரம்மாண்டமான எரிவாயு ஆலை எழுந்தது. நிலக்கரியைச் சுட்டு வாயு பிரித்துக் குழாய் வழியே லண்டன் விளக்குகளுக்கு அனுப்பும் ஆலை அது. கம்பெனியின் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக். அவர் பெயரால் அந்த இடமே பெக்டன் ஆகிவிட்டது. அங்கே உலைகளின் முன் பன்னிரண்டு மணி நேரம் நின்ற தொழிலாளர்களை வில் தோர்ன் என்பவர் 1889இல் சங்கமாகத் திரட்டி, எட்டு மணி நேர வேலையைப் பெற்றுத் தந்தார். இங்கிலாந்தின் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய திருப்பம் அது.

மூன்றாவது காரணம்தான் என் கணக்கில் முதலாவது: டிக்கெட் விலை. ரயில் கம்பெனிகள் நகரத்துக்குள் நிலையம் கட்டுவதற்காக ஏழைகளின் வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்தன. வீடிழந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1864இல் கிரேட் ஈஸ்டர்ன் ரயில் கம்பெனி லண்டனுக்குள் தடம் நீட்டிக்க அனுமதி கேட்டபோது, தொழிலாளர்களுக்கென்று இரண்டு பென்னிக்குப் போய்வரும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும் என்று நாடாளுமன்றம் நிபந்தனை போட்டது. 1883இல் வந்த மலிவு ரயில் சட்டம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகாத கட்டணங்களுக்கு வரி தள்ளுபடி. பதிலுக்குத் தொழிலாளர் ரயில்களை ஓட்டும்படி அரசு கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தலாம். இதில் ஒரு சங்கடம், மலிவு டிக்கெட் அதிகாலை ரயில்களுக்கு மட்டும்தான். வேலை எட்டு மணிக்குத்தான் என்றாலும் ஆறு மணிக்கே நகரத்தில் இறங்கி, கடை திறக்கும்வரை குளிரில் நிற்க வேண்டும். இருந்தாலும் மக்கள் வந்தார்கள். லண்டன் வரைபடத்தில் கிழக்கும் வடகிழக்கும் தொழிலாளர், குமாஸ்தா புறநகர்களாகவும், மேற்கின் பெரும்பகுதி வசதியானவர்களின் புறநகர்களாகவும் இருப்பதற்கு, எந்தக் கம்பெனி மலிவு ரயில் ஓட்டியது, எது முகம் சுளித்தது என்பதும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, கூட்டம் வரத் தயார். வீடு கட்டியது யார்? அரசு கட்டியதாக நினைப்போம், அல்லது ஒரு பெரிய கம்பெனி. இரண்டும் இல்லை. நடந்தது நமக்கு நன்றாகப் பழக்கமான காரியம்: மனைப்பிரிவு. வயலின் சொந்தக்காரர் காய்கறியைவிட வாடகை லாபம் என்று கண்டுகொள்கிறார். நிலத்தை நேராகவோ ஒரு தரகர் வழியாகவோ அளந்து, நேர்கோட்டில் சாலை போட்டு, மனைகளாகப் பிரிக்கிறார். சிறு கட்டடக்காரர்கள் ஆளுக்கு நாலைந்து மனை எடுக்கிறார்கள். இவர்களில் பலர் நேற்றுவரை கொத்தனாராகவோ தச்சராகவோ இருந்தவர்கள், கையில் காசு கிடையாது. கடன் வாங்கிக் கட்டி, கூரை போட்டதும் விற்று, அந்தப் பணத்தில் அடுத்த நாலைந்தைத் தொடங்க வேண்டும். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது, கட்டி முடிக்கும்வரை வாடகையாக ஒரே ஒரு மிளகு போதும் என்று எழுதுவது ஆங்கிலேயர் வழக்கம். வாடகை வாங்கவில்லை என்று சொன்னால் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடக்கூடும் என்பதற்காகப் பெயருக்கு ஒரு மிளகு. எந்த மிளகுக்காக அவர்கள் கப்பலேறி நம் பக்கம் வந்தார்களோ, அதுவே அவர்கள் சட்டத்தில் ஒன்றுமில்லாததற்கு அடையாளமாகிவிட்டது.

கட்டிய வீட்டை வாங்கியவர்கள் அதில் குடியேறவில்லை. முதல் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தில் பத்தில் ஒன்பது குடும்பங்கள் வாடகைக்கே இருந்தன. ஓய்வுபெற்ற கடைக்காரர், கணவனை இழந்த பெண் என்று கையில் கொஞ்சம் சேமிப்பு உள்ளவர்கள் இரண்டு மூன்று வீடு வாங்கி, வாடகையில் காலத்தை ஓட்டினார்கள். கட்டடக்காரர் நொடித்துப்போவது சகஜம். ஒரே தெருவில் பத்து வீட்டுக்கு ஒருமுறை சன்னலின் அலங்காரம் மாறுவதைப் பார்க்கலாம். ஒருவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் தொடங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த வீட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அகலம் பதினைந்து, பதினாறு அடி. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு பொது. வாசலில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தோட்டம். அதை ஒட்டித் தெருவை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று பக்கச் சன்னல். சன்னல் தூண்களின் தலையில் இலை, பூ வேலைப்பாடு. கையால் செதுக்கியது போலத் தெரியும், ஆனால் அச்சில் வார்த்து மொத்தமாக விற்றது. முகப்புக்கு நல்ல செங்கல், கொல்லைப்புறச் சுவருக்கு மட்டமானது. உள்ளே முன்னறையில் நல்ல நாற்காலிகளைப் போட்டு, விருந்தாளி வந்தாலொழியத் திறக்காமல் பூட்டி வைப்பார்கள். குடும்பம் மொத்தமும் பின்னறையில், அடுப்பின் கதகதப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கும் பின்னால் பாத்திரம் கழுவும் தாழ்வாரம், வெளியே கழிப்பறை, பிறகு நீளமான கொல்லை. மாடியில் இரண்டு மூன்று படுக்கையறைகள். தெரு இத்தனை நேராக, அகலமாக இருப்பதற்கு அழகுணர்ச்சி காரணமில்லை. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் 1877இல் வந்த மாதிரி விதிகளும் தெருவுக்கு 36 அடி அகலம், வீட்டுக்குப் பின்னால் 150 சதுர அடி திறந்தவெளி என்று கூறின. விதி எவ்வளவு கேட்டதோ அவ்வளவுதான் கட்டடக்காரர் விட்டார். முன்னர் நான் கேட்ட அச்சு எங்கிருந்து வந்தது என்றால், பாதி விதிப் புத்தகத்திலிருந்து, பாதி கட்டடக்காரரின் கடன் கணக்கிலிருந்து.

குடிவந்தவர்கள் எல்லோரும் ஆலைத் தொழிலாளர்கள் இல்லை. வெஸ்ட் ஹாமோடு ஒப்பிட்டால் ஈஸ்ட் ஹாமில் குமாஸ்தாக்கள் அதிகம். லண்டன் அலுவலகங்களில் பேரேடு எழுதுபவர்கள், வெள்ளைக் காலர் கசங்காமல் வீடு திரும்ப வேண்டியவர்கள். அவர்களைக் கவர்வதற்கோ என்னவோ, இங்கே தெருக்களுக்குக் கவிஞர்களின் பெயர்: ஷேக்ஸ்பியர் கிரசண்ட், மில்டன் அவென்யூ, பைரன் அவென்யூ, ஷெல்லி அவென்யூ, கோல்ரிட்ஜ் அவென்யூ. கொஞ்சம் தள்ளிப் பெயர் தீர்ந்துபோன வேறொருவர் ஃபர்ஸ்ட் அவென்யூ, செகண்ட் அவென்யூ என்று எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். எனக்கு அந்த இரண்டாமவரைத்தான் பிடிக்கிறது.

இவ்வளவு பேர் வந்துவிட்டால் பள்ளி, விளக்கு, சாலை யார் தருவது? இங்கிலாந்துப் புறநகர் ஊராக மாறுவது இந்த இடத்தில்தான். ஈஸ்ட் ஹாம் 1901இல் சொந்தமாக டிராம் ஓட்டத் தொடங்கியது. 1903இல் சிவப்புச் செங்கல்லில் மணிக்கூண்டு வைத்த நகர மண்டபம் திறந்தது. இன்றும் அந்தப் பகுதியில் கண்ணை இழுக்கும் கட்டடம் அதுதான். 1904இல் நகராட்சித் தகுதி. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வளர்ந்தும் இது சட்டப்படி லண்டன் இல்லை. 1889இல் லண்டனுக்கு மாவட்ட மன்றம் அமைத்தபோது எல்லையை லீ ஆற்றிலேயே நிறுத்திவிட்டார்கள். தபாலும் டிராமும் வேலையும் லண்டனோடு, ஆட்சி மட்டும் எஸ்ஸெக்ஸில். 1965இல்தான் ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் சேர்ந்து நியூஹாம் என்ற பெயரில் லண்டனுக்குள் வந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த பழைய எல்லை கிரீன் ஸ்ட்ரீட் என்ற சாலை. வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி 1904 முதல் 2016 வரை ஆடிய மைதானம் அந்தச் சாலையின் கிழக்குப் பக்கம், அதாவது ஈஸ்ட் ஹாமில் இருந்தது. நூறு ஆண்டுக்கு மேல் பக்கத்து ஊரில் ஆடிக்கொண்டு வெஸ்ட் ஹாம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1914 வாக்கில் ஈஸ்ட் ஹாம் நிரம்பிவிட்டது. அடுத்த வட்டம் அதற்கும் வெளியே எழுந்தது. அது வேறு வகைப் புறநகர். இரண்டு இரண்டு வீடாக ஒட்டிய ஜோடி வீடுகள், பக்கவாட்டில் கார் நிறுத்த இடம், ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளே போதும் என்ற புதிய கணக்கு. முக்கியமாக, வாடகைக்குப் பதில் மாதத் தவணையில் சொந்த வீடு. அது இயலாதவர்களுக்காக லண்டன் மாவட்ட மன்றம் 1921 முதல் பெகன்ட்ரீயில் சுமார் 26,000 வீடுகளைக் கட்டியது. 1932இல் ஈஸ்ட் ஹாம் வழியாகப் போகும் 'டிஸ்ட்ரிக்ட் லைன்' மின்ரயில் கிழக்கே அப்மின்ஸ்டர் வரை நீண்டது. ஈஸ்ட் ஹாம் குமாஸ்தாவின் மகன் அதே தடத்தில் இன்னும் சில நிலையம் தள்ளிப் போய்க் குடியேறினான். இப்படியே போனால் எஸ்ஸெக்ஸில் வயலே மிஞ்சாது என்ற பயத்தில் 1938இல் பசுமை வளையச் சட்டம் வந்தது. போருக்குப் பிறகு அந்த வளையம் இறுகி, லண்டன் பரவுவது பெரும்பாலும் நின்றது.

ஓரமாக இருந்த ஈஸ்ட் ஹாம் அதற்குள் நடுவில் மாட்டிக்கொண்டது. 1940 செப்டம்பர் 7 அன்று கப்பல்துறைகளைக் குறிவைத்து ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. போருக்குப் பிறகு கடலடி எரிவாயு வந்து பெக்டன் உலைகளை அணைத்தது. கன்டெய்னர் கப்பல்களுக்கு டில்பரியே வசதியாக இருந்ததால் ராயல் கப்பல்துறைகள் 1981இல் மூடப்பட்டன. வசதி வந்தவர்கள் எஸ்ஸெக்ஸுக்கு நகர, அந்தச் செங்கல் வீடுகள் லண்டனிலேயே விலை குறைந்தவற்றில் சேர்ந்தன.

1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்களுக்கு அந்த விலைதான் வாசலைத் திறந்தது. வேலைக்குப் போக ரயில் பக்கத்தில். சமைக்கத் தேவையானவை கிரீன் ஸ்ட்ரீட்டின் இந்தியக் கடைகளில் ஏற்கெனவே கிடைத்தன. வீடோ குறுகலாக இருந்தாலும் அறைகள் கொண்டது, இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளலாம். விருந்தாளிக்கென்று குமாஸ்தா பூட்டி வைத்த முன்னறை, ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிக்கோ மச்சானுக்கோ படுக்கையறை ஆனது. டூட்டிங், வெம்ப்ளி, ஹாரோ என்று தமிழர்கள் கூடிய மற்ற இடங்களையும் பாருங்கள், எல்லாம் ரயில் தடத்தின் மேல் கோத்த பழைய புறநகர்கள்தான்.

இப்போது ஈஸ்ட் ஹாமைப் புறநகர் என்று சொல்லலாமா? லண்டன் அரசமைப்புக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டம் நியூஹாமை வெளி லண்டனில் சேர்க்கிறது. தேசியப் புள்ளிவிவரத் துறை உள் லண்டனில் சேர்க்கிறது. ரயில்காரர்களும் தங்கள் பங்குக்குக் குழப்பியிருக்கிறார்கள். லண்டனில் கட்டணம் வட்ட வட்டமான மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஈஸ்ட் ஹாம் நிலையம் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுக்கோட்டில் நிற்கிறது. நகரத்துக்குப் போகிறவர்களுக்கு மூன்றாம் மண்டலக் கட்டணம். ஒரு நிலையம் தள்ளி, பார்க்கிங் (Barking) என்ற ஊரில் ஏறினால் நான்காம் மண்டலக் கட்டணம். அந்தச் சில்லறை வித்தியாசத்தையும் வாடகை வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் அங்கே ஒரு குடும்பம் வீடு பார்க்கக் கிளம்புகிறது.